உங்க வாட்ச்சில் மின்னுவது ரேடியமா? தாத்தா வாட்ச்சைத் திறக்கும் முன் இதைப் படிங்க!

நள்ளிரவு. கரன்ட் கட். போன் பக்கத்து ரூமில் கிடக்கிறது. கையைத் திருப்பிப் பார்த்தால், பச்சையாக இரண்டு முட்கள் மணி இரண்டே காலைக் காட்டுகின்றன. 'பரவாயில்லையே, ரேடியம் வாட்ச்!' என்று நினைத்துக்கொள்வீர்கள்தானே?

நம்ம ஊரில் இருட்டில் மின்னுகிற எல்லாமே ரேடியம்தான். பைக்கில் ஒட்டுவது ரேடியம் ஸ்டிக்கர். அதை வெட்டித் தருகிற கடை ரேடியம் கட்டிங் கடை. ஆனால், இவற்றில் துளிகூட ரேடியம் கிடையாது. பளபளக்கும் அந்த ஸ்டிக்கர்கள் தானாக ஒளிர்வதுகூட இல்லை. எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தை, வந்த திசையிலேயே திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். நீங்கள் சமீபத்தில் கடையில் வாங்கிய வாட்ச்சிலும் ரேடியம் இல்லை.

அப்புறம் ஏன் அந்தப் பெயர்? ஒரு காலத்தில் வாட்ச்சில் நிஜமாகவே ரேடியம் இருந்தது. வீட்டு பீரோவில் தாத்தா காலத்து வாட்ச் ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால், அதில் இன்னமும் இருக்கக்கூடும்.

பிரஷ்ஷை உதட்டில் வைத்த பெண்கள்

மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தது 1898-ல். அதன் உப்பைத் துளியூண்டு எடுத்து ஜிங்க் சல்பைடு பொடியுடன் கலந்தால் இருட்டில் தானாகவே ஒளிரும். ரேடியத்திலிருந்து பாயும் ஆல்பா துகள்கள் ஜிங்க் சல்பைடு மீது மோதும்போதெல்லாம் குட்டியாக ஒரு ஒளிப்பொறி. வெயிலில் காட்ட வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களுக்கு இது பெரிய வரமாக இருந்தது. தீக்குச்சி கிழிக்காமல் மணி பார்க்கலாமே!

அந்த டயல்களில் எண்களை வரைந்தவர்கள் இளம்பெண்கள். அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில், ஆரஞ்ச் என்ற ஊரில் இருந்த யு.எஸ். ரேடியம் கார்ப்பரேஷனில் வேலை. எண்கள் ரொம்பச் சின்னவை. பிரஷ் நுனி கூர்மையாக இருக்க வேண்டும். அதற்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வழி, பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூராக்குவது. உதட்டில் வை, பெயின்ட்டில் தோய், வரை. மறுபடி உதட்டில் வை. நாள் முழுக்க இதேதான். பெயின்ட்டால் ஆபத்தில்லை என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். விளையாட்டாக நகத்திலும் பல்லிலும்கூடப் பூசிக்கொண்டார்கள். அதே கம்பெனியின் வேதியியலாளர்கள் மட்டும் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால் ரேடியத்தைக் கையாண்டார்கள். படிக்கும்போது எனக்கு ஆத்திரம் வந்த இடம் இதுதான்.

நம் உடம்பு ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்துபோகிறது. நேராக எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. முதலில் பல் ஆடியது. பிறகு தாடை எலும்பே உதிர ஆரம்பித்தது. மோலி மாக்கியா என்ற பெண் 1922-ல் இறந்தபோது, காரணம் 'சிபிலிஸ்' என்று பதிவானது. அதாவது, அந்தப் பெண்ணின் நடத்தை மேலேயே பழி. ஐந்து வருடம் கழித்து உடலைத் தோண்டியெடுத்துச் சோதித்தபோது எலும்புகளில் கதிரியக்கம் இருந்தது. சிபிலிஸுக்கான அடையாளம் எதுவும் இல்லை.

அங்கே வேலை பார்த்த கிரேஸ் ஃப்ரையர், வழக்கு போட முடிவெடுத்த பிறகும் வழக்கை எடுத்து நடத்த ஒரு வக்கீல் கிடைக்காமல் அலைந்தார். கடைசியில் 1927-ல் இன்னும் நான்கு பெண்களோடு சேர்ந்து நீதிமன்றம் போனார். பத்திரிகைகள் இவர்களை 'ரேடியம் கேர்ள்ஸ்' என்றன. 1928-ல் சமரசம். ஆளுக்கு 10,000 டாலர், வருடத்துக்கு 600 டாலர் பென்ஷன், மருத்துவச் செலவு. கிரேஸ் 1933-ல் இறந்துபோனார். இல்லினாய் மாகாணத்தில் இன்னொரு கம்பெனியில் டயல் வரைந்த கேத்தரின் டொனாஹூ, 1938-ல் வழக்கில் ஜெயித்த சில மாதங்களிலேயே இறந்தார்.

அதற்குப் பிறகாவது நிறுத்தினார்களா என்றால், இல்லை. பாதுகாப்பு ஏற்பாடுகள் கூடின, உதட்டில் பிரஷ் வைக்கும் பழக்கம் போனது. ஆனால், 1960-கள் வரை வாட்ச்சில் ரேடியம் தொடர்ந்தது.

இடையில் வந்த டிரிட்டியம்

அடுத்து வந்தது டிரிட்டியம். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம் இது. இதிலிருந்து வரும் கதிர்கள் பலவீனமானவை, வாட்ச் கண்ணாடியைத் தாண்டாது. டயலின் அடியில், ஆறு மணிக்குப் பக்கத்தில் 'ஸ்விஸ்' என்ற சொல்லோடு ஆங்கில 'டி' எழுத்தும் பொடியாக அச்சாகியிருந்தால், அது டிரிட்டியம் வாட்ச். இதன் அரை ஆயுள் சுமார் 12.3 வருடங்கள். அதனால் 1980-களில் வாங்கிய வாட்ச் இப்போது கிட்டத்தட்ட மங்கிப்போயிருக்கும். இந்த வாயுவைச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து ஒளிரவைக்கும் வாட்ச்சுகள் இன்றும் விற்பனையில் உண்டு.

இப்போது உங்கள் கையில் இருப்பது?

பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993-ல் இதை 'லூமிநோவா' என்ற பெயரில் கொண்டுவந்தது. சூப்பர் லூமிநோவா, சீகோவின் லூமிபிரைட், ரோலக்ஸின் க்ரோமாலைட் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் சொன்னாலும், அடிப்படை இதே குடும்பம்தான். கதிரியக்கம் துளியும் கிடையாது. ஒரே ஒரு விஷயம், வெளிச்சத்தைக் கொடுத்தால்தான் வெளிச்சம் தரும்.

மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காட்டும்போது டேங்க் நிரம்புகிறது. இந்தப் பொருளில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு தனிமங்களைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். யூரோப்பியம் ஒளியை வாங்கும், டிஸ்ப்ரோசியம் அந்த ஆற்றலைப் பிடித்துவைக்க உதவும். அடியில் ஒரு சின்ன ஓட்டை வழியாக அது கசிந்துகொண்டே இருக்கும். டேங்க் நிறைய இருக்கும்போது வேகமாக, குறையக் குறைய மெதுவாக. அதனால்தான் லைட்டை அணைத்ததும் பளீரென்று தெரியும் முள், அரை மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. ஆனால், அதிகாலையில் விழித்துப் பார்த்தாலும் லேசாக மணி தெரியும். உங்கள் கண்ணும் அதற்குள் இருட்டுக்குப் பழகியிருக்கும் அல்லவா!

அந்த ஓட்டையைத் திறந்துவிடுவது வெப்பம். குழந்தைகள் ரூம் சுவரில் ஒட்டும் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றை வெளிச்சத்தில் காட்டிவிட்டு ஃப்ரீசரில் வைத்து, இருட்டில் எடுத்துப் பாருங்கள். மங்கலாக இருக்கும். உள்ளங்கையில் பொத்தினால் மறுபடி பிரகாசமாகும். (வாட்ச்சை ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். கம்பெனி வாரன்டி தராது, நானும் தர மாட்டேன்!)

சார்ஜ் ஏற்ற வெயில்தான் பெஸ்ட், சில நிமிடங்களே போதும். மஞ்சள் விடிவிளக்கு வேலைக்கு ஆகாது. நீலம், புற ஊதா பக்கம் இருக்கும் ஒளிதான் இதை நன்றாக நிரப்பும். முழுக்கைச் சட்டைக்குள்ளேயே நாள் முழுக்க வாட்ச்சை ஒளித்துவைத்துவிட்டு, 'இது சரியாவே மின்னல' என்று புலம்புவதில் நியாயம் இல்லை. விலை குறைந்த வாட்ச்சுகளில் பூச்சு மெல்லியதாக இருக்கும். டேங்க்கே சின்னது, என்ன செய்ய?

தாத்தா வாட்ச்சுக்கு வருவோம். 'அதான் மின்னவே இல்லையே, ரேடியம் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும்' என்றுதான் தோன்றும். தப்பு. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருடங்கள். அடிபட்டு அடிபட்டு வீணாய்ப்போனது ஜிங்க் சல்பைடுதான். பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது, ஒயரில் கரன்ட் அப்படியே இருக்கிறது.

1960-களுக்கு முந்தைய வாட்ச், எண்களிலும் முட்களிலும் பழுப்பேறிய தடித்த பூச்சு, 'டி' எழுத்து எதுவும் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். மூடியிருக்கும் வரை பெரிய பயம் இல்லை. ஆனால், ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு கசியும் என்பதால், தலைமாட்டில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பெயின்ட் காய்ந்து பொடியாக உதிரும், அதை மூச்சில் இழுப்பதும் விழுங்குவதும்தான் ஆபத்து. யூடியூப் பார்த்து நீங்களே பின்மூடியைக் கழற்றாதீர்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தால், தெருமுனைக் கடைக்காரரிடம் முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, வாட்ச்சைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, தூசி போக 'ஃபூ' என்று ஊதுவதாக இருக்கலாம்.