விடுதி அறை ஏமாற்றினால் யாரிடம் முறையிடுவது?

நோர்வேயில் பெரும்பாலான தொழிலாளர்களின் கைக்கு விடுமுறைப் பணம் வந்து சேருவது ஜூன் மாதத்தில். முந்தைய ஆண்டு ஈட்டிய ஊதியத்தில் குறைந்தது 10.2 சதவீதம் விடுமுறைக்கெனத் தனியே வழங்கப்பட வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கூறுகிறது. தலைநகர் ஒஸ்லோவின் கிழக்கே, மெட்ரோ ரயிலின் இரண்டாம் இலக்கப் பாதையில் உள்ள ட்வெய்ட்டாவின் உயர்ந்த அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கும் அப்பணம்தான் கோடைப் பயணத்தின் முதல்.

ட்வெய்ட்டா அமைந்துள்ள க்ரோருட் பள்ளத்தாக்கு, ஒஸ்லோவில் தமிழர் உள்ளிட்ட குடியேறிகள் செறிந்து வாழும் பகுதிகளில் ஒன்று. இங்கிருந்து புறப்படும் பயணங்கள் பொதுவாக இரு வகைப்படும். ஒன்று, ஸ்பெயின், கிரேக்கம், துருக்கி என, நோர்வேக்காரர்கள் பொதுவாகத் 'தெற்கு' என்று அழைக்கும் வெயில் நாடுகளுக்கானது. மற்றது கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை என உறவுகளை நாடிச் செல்வது. இவ்விரண்டிலும் பயணியின் மனத்தைக் கசக்க வைக்கும் அனுபவம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. படத்தில் பார்த்த அறை ஒன்று, கையில் சாவி தரப்பட்ட அறை வேறொன்று. வரவேற்பு மேசையில் கேட்டால் கை விரிப்பு.

அறை எவ்வளவு மோசமானதோ அவ்வளவுக்கு நிவாரணம் கிடைக்கும் என்று பயணிகள் பலர் எண்ணுகின்றனர். நடைமுறை அவ்வாறில்லை. நிவாரணம் கிடைக்குமா என்பதை, பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்னர் அது எவ்வாறு முன்பதிவு செய்யப்பட்டது என்பதே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

ஒரே விடுதி, இரு வேறு உரிமைகள்

ஒரே கட்டடத்தில் வசிக்கும் இரு குடும்பங்கள் கிரீட் தீவின் ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் தங்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அறைகளிலும் குளிரூட்டி இயங்கவில்லை. இரவு முழுவதும் கீழே கட்டட வேலை நடக்கிறது. முதற் குடும்பம் விமானத்தையும் விடுதியையும் ஒரே நிறுவனத்திடம் ஒரே விலைக்கு வாங்கியது. இரண்டாவது குடும்பம் விமானச்சீட்டை ஓர் இணையதளத்திலும், சில நாட்கள் கழித்து விடுதி அறையை வேறோர் இணையதளத்திலும் மலிவாகப் பார்த்துப் பதிவு செய்தது.

முதற் குடும்பம் வாங்கியது சட்டத்தின் பார்வையில் 'பேக்கேஜ் சுற்றுலா'. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடல்ல. எனினும் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பைச் சேர்ந்தது என்பதால், ஒன்றியம் 2015-இல் இயற்றிய பேக்கேஜ் சுற்றுலா நெறியைத் தன் சட்டமாக்கியுள்ளது. அச்சட்டம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, பயணத்தை ஒழுங்கு செய்த நிறுவனமே விடுதியின் குறைக்கும் பொறுப்பாகும். குறையைச் சரிசெய்ய வேண்டியது அதன் கடமை. நியாயமான அவகாசத்துக்குள் சரிசெய்யாவிட்டால், பயணி தாமே மாற்று ஏற்பாடு செய்து, அதற்கான அவசியச் செலவைத் திரும்பக் கேட்கலாம். விலைக் குறைப்பும், உரிய வேளைகளில் இழப்பீடும் கோரலாம். நிறுவனம் மசியாவிட்டால், பேக்கேஜ் சுற்றுலாப் பிணக்குகளை விசாரிப்பதற்கென்றே நோர்வேயில் உள்ள முறைப்பாட்டுச் சபையை நாடலாம். இவை அனைத்தையும் ஒஸ்லோவில் இருந்தபடியே நோர்வே மொழியில் செய்ய முடியும்.

இரண்டாவது குடும்பத்துக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அதன் ஒப்பந்தம் கிரீட்டில் உள்ள விடுதியுடன். முன்பதிவு இணையதளங்கள் தங்களை இடைத்தரகர்கள் என்றே கூறிக்கொள்கின்றன. அறையின் தரத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்பது அவற்றின் விதிமுறைகளில் எழுதப்பட்டிருக்கும். அந்த விதிமுறைகளைப் படிக்காமலே 'சம்மதம்' என்று சொடுக்குவதுதான் உலக வழக்கம்.

நடுவில் ஒரு மங்கலான பரப்பும் உண்டு. விமானச்சீட்டு வாங்கிய தளத்திலிருந்தே விடுதித் தளத்துக்கு இட்டுச் செல்லப்பட்டு, பயணியின் பெயர், கட்டண விவரம், மின்னஞ்சல் ஆகியவை அங்கு கடத்தப்பட்டு, 24 மணி நேரத்துக்குள் அறையும் பதிவானால், அதுவும் பேக்கேஜாகவே கருதப்படும். அவ்விவரங்கள் கடத்தப்படாவிட்டால் நிறுவனம் நொடித்துப்போவதற்கு எதிரான பாதுகாப்பு மட்டுமே கிடைக்கலாம். இந்த நுட்பமான வேறுபாட்டைத் திரையைப் பார்த்துக் கண்டுகொள்வது சாதாரணப் பயணிக்கு எளிதல்ல என்பதை மறுப்பதற்கில்லை.

மனவருத்தத்துக்கு விலை

கெட்டுப்போன விடுமுறைக்குப் பணத்தில் மதிப்பு உண்டா? இக்கேள்விக்கு நீதிமன்றங்கள் ஆம் என்று விடை கூறத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

இங்கிலாந்தில் உள்ளூராட்சிச் சபை ஒன்றில் பணியாற்றிய ஜார்விஸ் என்ற வழக்கறிஞர், 1969 டிசம்பரில் ஸ்வான்ஸ் டூர்ஸ் நிறுவனத்திடம் 63 பவுண்டுகள் 45 பென்ஸ் செலுத்தி, சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றுக்கு இரண்டு வார விடுமுறைக்குச் சென்றார். விருந்தினர் கூட்டத்துடன் கலகலப்பான தங்கல், மாலைத் தேநீருடன் சுவையான கேக்குகள், மலைநாட்டுப் பாடகரின் இசை நிகழ்ச்சி, ஆங்கிலம் பேசும் விடுதி உரிமையாளர் என்றெல்லாம் நிறுவனத்தின் கையேடு ஆசை காட்டியிருந்தது. முதல் வாரம் விடுதியில் இருந்தவர்கள் 13 பேர். இரண்டாவது வாரம் அவர் தன்னந்தனியே. உரிமையாளருக்கு ஆங்கிலம் தெரியாது. கேக்குக்குப் பதில் உருளைக்கிழங்கு வறுவலும் காய்ந்த பலகாரமும். பாடகராக வந்தவர் உள்ளூர்க்காரர். வேலை உடையுடனேயே வந்து நான்கைந்து பாடல்களை விரைவாகப் பாடி முடித்துவிட்டுச் சென்றார்.

கீழ் நீதிமன்றம் அவர் கட்டிய தொகையில் பாதியை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள் அதனை 125 பவுண்டுகளாக, அதாவது அவர் செலுத்தியதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக, உயர்த்தினர். விடுமுறை என்பது மகிழ்ச்சியை விற்கும் ஒப்பந்தம். மகிழ்ச்சி கிடைக்காதபோது அந்த ஏமாற்றத்துக்கும் ஈடு உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஐரோப்பா முழுவதற்கும் இதனை நிலைநாட்டியது 2002 மார்ச் 12 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. 1997-இல் துருக்கியின் விடுமுறை விடுதி ஒன்றில் வழங்கப்பட்ட உணவால் பத்து வயது ஆஸ்திரியச் சிறுமி ஒருத்திக்கு சால்மொனெல்லா நச்சுத்தொற்று ஏற்பட்டது. அவளுடைய விடுமுறையின் பிற்பகுதி படுக்கையிலேயே கழிந்தது. உடல் வேதனைக்கு இழப்பீடு அளித்த ஆஸ்திரிய நீதிமன்றம், இழந்த விடுமுறை மகிழ்ச்சிக்கு இழப்பீடு வழங்கத் தன் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்றது. இடமுண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது.

ஜெர்மானியர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று பட்டியலே போட்டுவிட்டனர். பிராங்க்ஃபர்ட் மாநில நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று 1985-இல் வெளியிட்ட அட்டவணையில், வாக்களித்த கடற்காட்சி இல்லையென்றால் பயண விலையில் 5 முதல் 10 சதவீதம், இரவுச் சத்தத்துக்கு 10 முதல் 40, பூச்சித் தொல்லைக்கு 10 முதல் 50 சதவீதம் எனக் குறைப்பு வரையறுக்கப்பட்டிருந்தது. பிற நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது. ஆயினும் பயணியும் நிறுவனமும் பேரம் பேசத் தொடங்கும் புள்ளியாக இது நீண்டகாலம் பயன்பட்டு வந்துள்ளது.

குறை யாருடைய தவறாலும் நேராதபோதும் விலைக் குறைப்புக் கிடைக்கலாம் என்பது அண்மைக்கால வளர்ச்சி. 2020 மார்ச் மாதம் கிராண் கனாரியா தீவுக்குச் சென்ற இரு பயணிகள், கொரோனா பெருந்தொற்றால் கடற்கரை மூடப்பட்டு அறைக்குள் முடங்க நேர்ந்தது. பயண நிறுவனம் தன் தவறு எதுவுமில்லை என்று வாதிட்டது. தவறு இல்லை என்பது இழப்பீட்டைத் தவிர்க்க உதவலாம், ஆனால் வழங்கப்படாத சேவைக்கான விலைக் குறைப்பைத் தவிர்க்க உதவாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியது.

ஊருக்குப் போகும்போது

தமிழ்ப் பயணிகளைப் பொறுத்தவரை சிக்கல் கூடுதலாவது இரண்டாம் வகைப் பயணத்தில்தான். ஐரோப்பாவுக்குள் விடுதியுடன் பிணக்கு ஏற்பட்டால், ஒன்றிய நாடுகளிலும் நோர்வே, ஐஸ்லாந்து ஆகியவற்றிலும் இயங்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையங்களின் வலையமைப்பு இலவசமாக உதவும். 2005-இல் உருவாக்கப்பட்ட அதன் கை கொழும்புக்கோ சென்னைக்கோ நீள்வதில்லை.

பேக்கேஜ் சட்டம் அவ்வாறு எல்லை வகுப்பதில்லை என்பது பலர் அறியாத செய்தி. பயணம் எந்த நாட்டுக்கு என்பதல்ல, எங்கே விற்கப்பட்டது என்பதே முக்கியம். ஒஸ்லோவில் உள்ள ஒரு பயண முகவர் கொழும்புக்கான விமானச்சீட்டுடன் அங்கு பத்து நாள் விடுதியையும் சேர்த்து விற்றால், அதற்கும் இதே பொறுப்புகள் பொருந்தும். அத்தகைய முகவர் நொடித்துப்போனால் பயணியின் பணத்தைக் காக்கும் பயண உத்தரவாத நிதியத்திலும் அவர் பிணை வைத்திருக்க வேண்டும். 2019 செப்டம்பர் 23-இல் பிரித்தானியாவின் தாமஸ் குக் நிறுவனம் சரிந்து, சுமார் ஆறு லட்சம் பயணிகள் வெளிநாடுகளில் தவித்தபோது, இத்தகைய பிணையின் அருமை புலப்பட்டது. வெறும் விமானச்சீட்டை மட்டும் வாங்கியவருக்குப் பேக்கேஜ் சட்டத்தின் காப்பு இல்லை. அறிமுகத்தின் பேரில், பற்றுச்சீட்டின்றி ரொக்கமாகக் கொடுத்துப் பதிவு செய்பவர் எதைச் சொல்லி உரிமை கோருவார் என்பது தனிக் கேள்வி.

இந்தியாவில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறைப்பாட்டாளர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழி செய்தது. மதுரைவாசி ஒருவர் உள்ளூர் முகவர் வாயிலாக வெளிநாட்டுப் பயணம் சென்று ஏமாந்தால், மதுரை ஆணையத்திலேயே முகவர் மீது வழக்குத் தொடுக்கலாம். இணையவழி முறைப்பாட்டு வசதி இருப்பதால் வெளிநாட்டில் இருப்பவரும் முயலலாம். 'பொறுப்பு உரிமையாளருடையது' என்று சீட்டில் அச்சிட்டுவிட்டு விடுதி தப்பிக்க முடியாது என்பதையும், டெல்லி தாஜ் மகால் விடுதியில் ஊழியரிடம் ஒப்படைக்கப்பட்ட கார் 1998-இல் திருடு போன வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவுபடுத்தியது.

இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபை இயங்குகிறது. தங்குமிடங்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற வேண்டும். மூன்று வார விடுப்பில் வந்தவர், விசாரணை தொடங்கும் முன்பே விமானமேறிவிடுவார் என்பதுதான் நடைமுறை இடர்ப்பாடு. எனவே பதிவு பெற்ற விடுதிதானா என்று முன்கூட்டியே பார்ப்பது பின்னால் முறையிடுவதைவிடப் பலன் தரும்.

நட்சத்திரங்களும் எதிர்பார்ப்புகளும்

ஏமாற்றங்கள் அனைத்தும் மோசடியால் வருவனவல்ல. நட்சத்திரங்களுக்கு உலகப் பொது அளவுகோல் கிடையாது. இந்தியாவில் மத்திய சுற்றுலா அமைச்சின் குழு நட்சத்திரம் வழங்குகிறது. நோர்வேயில் அதிகாரபூர்வ நட்சத்திர முறையே இல்லை. ஆகவே ஒஸ்லோ விடுதிக்கு இணையதளத்தில் காணும் நான்கு நட்சத்திரங்கள் எவருடைய கணிப்பு என்று கேட்பது நியாயமே. தளங்களின் அவசரப்படுத்தும் வாசகங்களுக்கும் இது பொருந்தும். 'கடைசி அறை' என்பது தன் தளத்தில் கிடைக்கும் அறைகளை மட்டுமே குறிக்கும் எனத் தெளிவாகக் காட்ட, ஐரோப்பிய ஆணையத்தின் அழுத்தத்தால் புக்கிங் டாட் காம் 2019-இல் இணங்க வேண்டியிருந்தது.

சென்னையிலிருந்து ஒஸ்லோ வரும் உறவினர், பெட்டியைத் தூக்க ஆளில்லை, அறைக்குத் தேநீர் வரவில்லை என்று குறைப்படுவதுண்டு. இது சேவைக் குறைபாடு அல்ல, ஊதியக் கணக்கு. நோர்வேயில் தங்குவிடுதி, உணவகப் பணியாளர்களுக்கு 2018 முதல் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மனித உழைப்புக்கு விலை கூடிய நாட்டில் விருந்தினரே தம் பெட்டியை இழுத்துச் செல்கிறார்.

ஒஸ்லோத் தமிழரின் முதல் தலைமுறையில் பலர் விடுதித் துப்புரவிலும் சமையலறைகளிலும் உழைத்தவர்கள். முறையிட்டால் திட்டு வாங்கப்போவது முதலாளியல்ல, தம்மைப்போன்ற ஒரு பணியாளர் என்பதை அறிந்தவர்கள். அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அது பயணிக்கே தீங்காக முடிகிறது. குறையைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பது பேக்கேஜ் சட்டத்தின் நிபந்தனை. இரண்டு வாரமும் பொறுத்திருந்துவிட்டு, ஊர் திரும்பியதும் நீண்ட கடிதம் எழுதுபவரிடம், சரிசெய்யும் வாய்ப்பு எங்களுக்குத் தரப்படவில்லையே என்று நிறுவனம் கேட்கும். அக்கேள்வி பெரும்பாலும் எடுபடுகிறது.

வாய்மொழியாகச் சொன்னால் போதாது. பயண நிறுவனத்துக்கோ, அதனை விற்ற முகவருக்கோ அன்றே மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பி, படங்களையும் எடுத்து வைப்பது அவசியம். முகவருக்குச் சொன்னது நிறுவனத்துக்குச் சொன்னதாகவே சட்டத்தில் கொள்ளப்படும். தனித்தனியாக முன்பதிவு செய்தவர்களுக்கு நோர்வேச் சட்டம் விட்டுவைத்துள்ள ஒரு பிடி, கடன் அட்டை. அதன் வழியே கட்டணம் செலுத்தியிருந்து, விடுதி பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், அதே கோரிக்கையை அட்டை வழங்கிய வங்கியிடம் முன்வைக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் எடுக்கும் சாதாரண அட்டைக்குச் சட்டம் அந்த உரிமையை அளிப்பதில்லை.