ஆசிய விளையாட்டு நாணயமும் அதன் விலையும்

பழைய நாணயத்துக்கு இலட்ச ரூபாய் தருவதாகக் கைப்பேசியில் வரும் செய்தியைக் காணாத இல்லம் நம் சங்கத்தில் அரிது. 'கமிஷனும் வரியும் முன்னதாக அனுப்புக' என்பது அடுத்து வரும் செய்தி. பணம் போனபின் மறுமுனையில் பேச ஆளிராது. இவ்வஞ்சகர்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையும் கூசாது எடுத்தாள்கின்றனர். அவ்வங்கியோ, இவ்வாணிபத்தில் தனக்குத் தொடர்பில்லை என்றும், எவரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்றும் 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. ஆகவே நம் பெட்டியில் கிடக்கும் நாணயத்தின் மதிப்பை நாமே ஒருவாறு அறிந்திருத்தல் நலம்.

அன்பர்கள் பலரிடம் இருப்பது, 1982-இல் டில்லியில் நடந்த ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் நினைவு நாணயம். இரண்டு ரூபாயும், நாலணா என்று நாம் வழங்கும் இருபத்தைந்து காசும் பொதுப் புழக்கத்துக்கு வந்தன. பத்து ரூபாயும் நூறு ரூபாயும் சேகரிப்போருக்கெனவே விற்கப்பட்டவை. விலை பெரிதும் வேறுபடுவது இதனால்தான்.

"நாற்பது ஆண்டுகள் கடந்தனவே, அரிதாகியிராதா?" என்று கேட்கலாம். எத்தனை அச்சிட்டார்கள், அவற்றுள் எத்தனை பழுதின்றி எஞ்சின, எத்தனை பேர் தேடுகின்றனர் என்பவற்றைக் கொண்டே அருமை அமையும். வயது மட்டும் போதாது. அந்த நாலணா 2011 ஜூன் 30 முதல் செல்லாக்காசாயிற்று. தேய்ந்திருந்தால் சேகரிப்போரும் அதை விரும்பார்.

நூறு ரூபாய் நாணயத்தின் நிலை வேறு. அதன் எடை 35 கிராம், பாதி வெள்ளி. எனவே 17.5 கிராம் வெள்ளியின் அன்றைய விலைக்குக் கீழே அது இறங்காது. எடை குறைந்தாலோ, காந்தத்தில் ஒட்டினாலோ போலியென ஐயுறலாம். ஒட்டாததனால் மட்டும் வெள்ளியென்று முடிவு செய்துவிடலாகாது; செம்பும் நிக்கலும் கலந்த சாதாரண நாணயமும் ஒட்டாது.

ஆண்டின் கீழே நோக்குக. சிறு சாய்சதுரம் இருப்பின் பம்பாய். விண்மீன் இருப்பின் ஐதராபாத். குறி ஏதுமில்லையேல் கல்கத்தா. ஒரே நாணயம் ஒரு சாலையில் குறைவாக அச்சானால், அக்குறிக்குத் தனி விலையுண்டு.

இல்லத்தரசியர்க்கு ஒரு விண்ணப்பம்: செம்பைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் நாணயத்தைத் துலக்கற்க. இயற்கையான நிறம் போயிற்றென்றால் பாதி விலையும் உடன் போகும். மூலப் பெட்டி இருப்பின் அதையும் எறியாதீர்.

விலை அறிய, வியாபாரி கேட்கும் தொகையைப் பாராமல், நாணய ஏலங்களில் உண்மையாக விற்றுத் தீர்ந்த தொகையைப் பார்க்கவேண்டும். இரண்டிற்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமுள்ள தூரம்!

2010-இல் டில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிக்காக வெளிவந்த இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் இன்றும் செல்லும். என் கவுண்டரில் அவற்றை நீட்டினால், முகமதிப்புக்குத்தான் பயணச்சீட்டுத் தருவேன்.