மேட்ச் தேதி மாறினால் காலண்டரும் மாற வேண்டுமா?

கிரிக்கெட் தொடர் ஒன்று அறிவிக்கப்பட்டவுடன் பலர் செய்யும் முதல் வேலை, போட்டி அட்டவணையை இணையத்திலிருந்து இறக்கி, பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவதுதான். இன்னும் சிலர் மொபைல் போனில் உள்ள காலண்டரில் ஒவ்வொரு போட்டியாக டைப் செய்து வைக்கின்றனர். இரண்டிலும் உள்ள குறை ஒன்றுதான். அட்டவணை மாறினால், சுவரில் உள்ள தாளும் நீங்கள் டைப் செய்ததும் மாறப் போவதில்லை.

அட்டவணை மாறுவது அரிதான ஒன்று அல்ல. 2023 ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், ஆமதாபாத்தில் நடைபெற வேண்டிய இந்தியா - பாகிஸ்தான் போட்டி அக்டோபர் 15 என முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆகஸ்ட் மாதத்தில், அது அக்டோபர் 14க்கு மாற்றப்பட்டது. அதனுடன் சேர்த்து மொத்தம் ஒன்பது போட்டிகளுக்குத் தேதி அல்லது நேரம் மாறியது. 2025 ஐ.பி.எல். தொடர் மே 9 அன்று நிறுத்தப்பட்டு, மே 17ல் மீண்டும் தொடங்கியது. மே 25ல் கொல்கத்தாவில் நடக்க வேண்டிய இறுதிப் போட்டி, ஜூன் 3ல் ஆமதாபாத்தில் நடந்தது. பழைய அட்டவணையை மட்டும் நம்பி லீவு போட்டவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கான எளிய வழி ஒன்று உள்ளது. அட்டவணையை நம் காலண்டரில் காப்பி செய்திடாமல், அதற்குச் சந்தாதாரர் ஆகிவிடுவதுதான் அது. இதற்குப் பெரும்பாலும் கட்டணம் எதுவும் இல்லை.

இம்போர்ட் வேறு, சப்ஸ்கிரைப் வேறு

இந்த இரண்டையும் ஒன்று என எண்ணிப் பலர் குழம்புகின்றனர். இம்போர்ட் என்பது போட்டோ எடுப்பது போல. அட்டவணை உள்ள பைலை டவுண்லோட் செய்து காலண்டருக்குள் கொண்டு வந்தால், அந்த நிமிடத்தில் அது எப்படி இருந்ததோ அப்படியே தங்கிவிடும். சப்ஸ்கிரைப் என்பது வீட்டிற்கு நாளிதழ் போடச் சொல்வது போல. அட்டவணை உள்ள இணைய முகவரியைக் காலண்டரிடம் ஒரு முறை கொடுத்துவிட்டால், அது குறிப்பிட்ட இடைவெளியில் தானே அங்கு சென்று, புதிய அட்டவணையை எடுத்து வரும். தேதி, நேரம், மைதானம் எது மாறினாலும் உங்கள் காலண்டரிலும் மாறும்.

இம்போர்ட் செய்வதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஐ.பி.எல். போன்ற தொடரின் அனைத்துப் போட்டிகளும் உங்கள் சொந்தக் குறிப்புகளுடன் கலந்துவிடும். பின்னர் வேண்டாம் என்றால் ஒவ்வொன்றாக நீக்க வேண்டியதிருக்கும். இம்போர்ட் செய்தே ஆக வேண்டும் என்றால், முதலில் தனியாக ஒரு காலண்டரை உருவாக்கி, அதில் இம்போர்ட் செய்திடவும். தேவை முடிந்தவுடன் அந்தக் காலண்டரையே நீக்கிவிடலாம். சந்தாவில் இந்தச் சிக்கல் இல்லை. அது தனி நிறத்தில், தனிக் காலண்டராகவே இருக்கும்.

பைலுக்குள் என்ன இருக்கிறது?

இந்த அட்டவணைகள் ஐகாலண்டர் என்னும் பொது வடிவில் உள்ளன. 1998ல் வரையறுக்கப்பட்டு, 2009ல் திருத்தப்பட்ட இந்த வடிவத்தை கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட் என அனைவரின் காலண்டர்களும் புரிந்து கொள்ளும். இதன் துணைப் பெயர் ஐ.சி.எஸ்.

இது வெறும் டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு போட்டிக்கும் தலைப்பு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம் எனச் சில வரிகள் இருக்கும். அவற்றுடன் ஓர் அடையாளக் குறியீடும் இருக்கும். தேதி மாறினாலும் இந்தக் குறியீடு மாறாமல் இருந்தால்தான், இது புதிய போட்டி அல்ல, பழைய போட்டியே இடம் மாறியிருக்கிறது எனக் காலண்டர் அறிந்து கொள்ளும்.

நேரத்தை எழுதும் முறை கவனிக்க வேண்டியது. மேலே சொன்ன இந்தியா - பாகிஸ்தான் போட்டி இந்திய நேரப்படி பகல் 2 மணிக்குத் தொடங்கியது. இது பைலில் 20231014, பின்னர் டி என்ற ஆங்கில எழுத்து, அதன் பின் 083000, கடைசியில் இசட் என எழுதப்படும். இசட் என்றால் உலகப் பொது நேரம் என்று பொருள். உங்கள் காலண்டர் அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, 2 மணி எனக் காட்டும். இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டிகளைப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அங்கு பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், கோடைக்கால நேரம் நடப்பில் உள்ளபோது நமக்கு இரவு 7.30, அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பின் மார்ச் இறுதி வரை 8.30. இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை.

முகவரியை எடுப்பது எப்படி?

அணி அல்லது தொடரை நடத்தும் அமைப்பின் இணைய தளத்தில், போட்டி அட்டவணை உள்ள பக்கத்திற்குச் செல்லவும். ஆட் டு காலண்டர், சிங்க் காலண்டர், சப்ஸ்கிரைப் என்பது போன்ற பட்டன் உள்ளதா எனப் பார்க்கவும். அதன் மீது ரைட் கிளிக் செய்து, லிங்க் முகவரியைக் காப்பி செய்திடவும். முகவரி வெப்கால் என்று தொடங்கலாம். காலண்டர் அதனை ஏற்க மறுத்தால், அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு எச்.டி.டி.பி.எஸ். என மாற்றிப் பார்க்கவும். பெரும்பாலும் வேலை செய்திடும்.

கூகுள் காலண்டரில்

1. கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகக் கூகுள் காலண்டரைத் திறக்கவும். மொபைல் அப்ளிகேஷனில் இந்த வசதி இல்லை.
2. இடது பக்கம் அதர் காலண்டர்ஸ் என்பதன் அருகே உள்ள கூட்டல் குறியில் கிளிக் செய்திடவும்.
3. மெனுவில் ப்ரம் யு.ஆர்.எல். என்பதனைத் தேர்ந்தெடுக்கவும்.
4. முகவரியை பேஸ்ட் செய்து, ஆட் காலண்டர் என்பதில் கிளிக் செய்திடவும்.

சற்று நேரத்தில் போட்டிகள் தோன்றும். அதே கூகுள் அக்கவுண்ட் உள்ள உங்கள் ஆண்ட்ராய்ட் போனிலும் இவை வந்துவிடும். வரவில்லை என்றால், போனில் உள்ள காலண்டர் அப்ளிகேஷனில் இந்தக் காலண்டருக்கு எதிரே டிக் அடையாளம் உள்ளதா எனப் பார்க்கவும்.

ஐபோனிலும் அவுட்லுக்கிலும்

ஐபோனில் காலண்டரைத் திறந்து, கீழே உள்ள காலண்டர்ஸ் பட்டனைத் தட்டவும். ஆட் காலண்டர், பின்னர் ஆட் சப்ஸ்கிரிப்ஷன் காலண்டர் எனச் சென்று முகவரியைக் கொடுக்கவும். அவுட்லுக் இணைய தளத்தில், காலண்டர் பகுதியில் ஆட் காலண்டர் கிளிக் செய்து, சப்ஸ்கிரைப் ப்ரம் வெப் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும்.

உடனே மாறாது

இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். மழையால் டாஸ் அரை மணி நேரம் தள்ளிப் போனால், அதனைக் காலண்டரில் எதிர்பார்க்கக் கூடாது. கூகுள் காலண்டரில் மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம். அவுட்லுக்கில் சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மேக் கம்ப்யூட்டரிலும் தண்டர்பேர்டிலும் எவ்வளவு நேரத்திற்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதை நாமே அமைக்கலாம். எனவே சில நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்படும் மாற்றங்களுக்குத்தான் சந்தா கை கொடுக்கும். டிக்கெட் எடுத்து வெளியூர் செல்பவர்கள், கிளம்பும் முன் அமைப்பின் தளத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

நினைவூட்டலும் தானாக வந்துவிடும் என எண்ண வேண்டாம். கூகுள் காலண்டர் செட்டிங்ஸ் பகுதியில், அந்தக் காலண்டரைத் தேர்ந்தெடுத்து, போட்டிக்கு எத்தனை நிமிடம் முன்பு அறிவிப்பு வேண்டும் என நீங்களே அமைத்துக் கொள்ளவும்.

எச்சரிக்கை தேவை

சந்தா என்பது உங்கள் காலண்டரில் எழுதும் உரிமையை இன்னொருவருக்குத் தருவதாகும். இன்று கிரிக்கெட் அட்டவணை தருபவர், நாளை அதில் விளம்பரத்தையோ, உங்கள் போனில் வைரஸ் உள்ளது என்ற பொய்ச் செய்தியையோ போடலாம். ஐபோன் வைத்திருக்கும் பலர் இப்படிப்பட்ட குப்பைக் காலண்டர்களில் சிக்கியுள்ளனர். தெரியாத தளங்களில் ஏதோ ஒரு பட்டனைத் தட்டும்போது இவை நுழைந்துவிடும். இது வைரஸ் அல்ல. அதில் உள்ள லிங்க் எதையும் தொடாமல், காலண்டர்ஸ் பட்டியலில் அதன் அருகே உள்ள ஐ அடையாளத்தைத் தட்டி, அந்தக் காலண்டரை நீக்கிவிட்டால் போதும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பொது அட்டவணைக்குச் சந்தாதாரர் ஆக உங்கள் பாஸ்வேர்ட் தேவையே இல்லை. உங்கள் காலண்டரைப் படிக்கவும் திருத்தவும் அனுமதி வேண்டும் என ஒரு தளம் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடவும்.

உங்கள் அணிக்கும் ஒரு காலண்டர்

தெருவில் ஆடும் அணிக்கும் இந்த வசதி உதவும். கூகுள் காலண்டரில் அணிக்கெனத் தனிக் காலண்டர் உருவாக்கி, போட்டிகளைப் பதியவும். செட்டிங்ஸ் பகுதியில் அதனைப் பொதுவில் காட்டும்படி அமைத்து, ஐகால் வடிவில் உள்ள பப்ளிக் முகவரியை மட்டும் நண்பர்களுக்கு அனுப்பவும். அருகில் சீக்ரெட் எனத் தரப்பட்டிருக்கும் முகவரியை யாருக்கும் தர வேண்டாம். யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும் என்பதால், இந்தக் காலண்டரில் வீட்டு முகவரி, போன் எண் போன்றவற்றை எழுதக் கூடாது. மைதானம் மாறிவிட்டது என ஒவ்வொருவருக்கும் போன் போடும் வேலை பெருமளவு குறையும். அடுத்த தொடர் தொடங்கும் முன் இதனை அமைத்துப் பாருங்களேன்.