நிறுத்துகிறவரே கொடுக்கட்டும்!



கோடைக்கானலில் வண்டி நிறுத்துமிடத்தின் செலவு யாருடையது, ஊருடையதா, வந்தவருடையதா? எதிரணி நண்பர் சொன்னார், "விருந்தாளியிடம் காசு கேட்கலாமா? இலவசமாக விடுங்கள்" என்று. கேட்கக் குளுகுளுன்னுதான் இருக்கு, கோடைக்கானல் பேச்சாச்சே! (சிரிப்பு) ஆனால் இலவசம் என்றால் என்ன அர்த்தம்? நான் கொடுக்கலைன்னா, எனக்காக வேறொருத்தர் கொடுத்திருக்கார் என்று அர்த்தம்.

கணக்குப் பார்ப்போம். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் அளவு வைத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடைக்கானலுக்குள் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள்தான் வரலாம் என்று. ஒரு கார் நிற்கவும் திரும்பவும் சுமார் 23 சதுர மீட்டர் வேணும். 4,000 காரில் பாதி ஒரே நேரத்தில் நின்றால்கூட, 11 ஏக்கர்! மலையிலே 11 ஏக்கர் சமதளத்துக்கு எங்கே போவது? சரிவை வெட்டணும், மரத்தைச் சாய்க்கணும், தடுப்புச் சுவர் கட்டணும்.

அந்தப் பணத்தை நகராட்சி போட்டால் யார் பணம் அது? 2011 கணக்கெடுப்பில் சுமார் 36,500 பேர் இருந்த சின்ன ஊர். நாயுடுபுரத்தில் கார் இல்லாத ஓர் அம்மா கட்டுகிற வீட்டு வரியும் அதிலே இருக்கு. குடிதண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டிய காசு, வெளியூர்க் காருக்குப் பாய் விரிக்கிறது. நியாயமா நடுவர் அவர்களே?

சரி, நிறுத்துமிடமே வேண்டாம், ரோட்டோரம் நிற்கட்டும் என்றால்? 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு பூம்பாறையிலிருந்து வருது. அந்த வண்டியும் நிக்கும். பிரசவத்துக்குப் போகிற வண்டியும் நிக்கும்.

"காசு வைத்தால் ஆள் வராது" என்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் செர்மாட் என்று ஒரு மலையூர். வெளியூர்க் கார் உள்ளேயே வர முடியாது. 5 கிலோமீட்டர் கீழே தேஷ் என்ற கிராமத்தில் கட்டணம் கட்டி நிறுத்திவிட்டு ரயிலேறணும். கூட்டம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கு! சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு பெட்ரோல் போட்டு வர்றவர், நிறுத்தக் கொடுக்கும் காசுக்கா பயந்து திரும்பிப் போவார்?

நான் கேட்பது மூன்றே மூன்று. மணிக்கணக்கில் கட்டணம், பஸ்ஸில் வருகிற ஏழைக்கு ஒரு பைசா சுமை கிடையாது. கார் நிறுத்த இடம் விடாமல் அறை அறையாகக் கட்டிய லாட்ஜுகள் ஒரு பங்கு கொடுக்கட்டும். வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வாசலிலே பலகையில் எழுதி வைக்கட்டும். (கைதட்டல்)

விருந்தாளிக்கு இலை போடுவது நம்ம பண்பாடு. அவர் காருக்கும் சேர்த்து ஏழை வீட்டுக் காசில் இலை போடச் சொல்லாதீர்கள் என்று கேட்டு அமர்கிறேன்.