கடல் உறையும் ஊர்: சர்ச்சில்

நான் இன்னைக்கு எடுத்துக்கிட்ட ஊர் சர்ச்சில். கனடாவுல, ஹட்சன் விரிகுடா கரையில இருக்கு. 900 பேர்கூடக் கிடையாது. ஸ்டாக்ஹோமும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைதான். ஆனா ஜனவரி சராசரி அங்க பூஜ்யத்தை ஒட்டி, இங்க மைனஸ் 26 பக்கம். ஏன்? ஸ்டாக்ஹோமுக்கு அட்லாண்டிக் பக்கமிருந்து வெதுவெதுப்பான காற்று வருது. இங்க விரிகுடாவே உறைஞ்சு நிலம் மாதிரி ஆயிடுது. தண்ணியோட சூடு மேல வர வழியில்ல. அந்தப் பனிக்கட்டி உருகவே ஜூன், ஜூலை ஆகிடும். அதனால ஜூலை சராசரியும் சுமார் 13 டிகிரிதான்.

இலையுதிர் காலத்துல பனிக்கரடிகள் கடல் உறையட்டும்னு கரையில காத்திருக்கும். சீல் வேட்டை பனிக்கட்டி மேலதான் நடக்கும். ஊர்ல பல பேர் காரைப் பூட்டறதில்ல. கரடி துரத்தினா யாராவது ஏறி ஒளியணுமே! 1980-களைவிட இப்போ பனியில்லாத காலம் சில வாரங்கள் நீண்டிருக்கு. கரடிக்கு அது கூடுதல் பட்டினி, ஊருக்குக் கூடுதல் காவல்.