இறக்கத்தில் தெரியும் வண்டி

நீலகிரியில் பழைய கார் வாங்க வருகிறவரை, விற்பவர் முதலில் ஏற்றத்துக்குத்தான் கூட்டிப்போவார். இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமும், வண்டி திணறாமல் மேலே ஏறும், "பார்த்தீங்களா, என்னமா இழுக்குது!" என்பார். வாங்குகிறவர் பாதி மயங்கிவிடுவார். இழுவை வேண்டியதுதான். ஆனால் அந்த வண்டி இத்தனை வருஷம் யார் கையில், எப்படி ஓடியது என்பது தெரிய வேண்டுமானால் அதே சாலையில் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

இதற்குக் கட்டபெட்டு தோதான ஊர். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிச் சாலைகள் கூடும் இடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமோ இறக்கமோ வந்துவிடும். சமவெளிக்குப் போக வேண்டுமென்றால் கோத்தகிரி வழியாகவோ, குன்னூர், பர்லியார் வழியாகவோ மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். கோத்தகிரியிலிருந்தானாலும் குன்னூரிலிருந்தானாலும் கீழே மலைப்பாதை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்குள் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை விட்டுவிட்டு வருகிறோம்.

விட்டுவிட்டு வந்த உயரம் எங்கே போனது? ஒரு மாருதி 800, உள்ளே நாலு பேர், டிக்கியில் சாமான்: எல்லாம் சேர்த்து ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் ஒன்றரை கிலோமீட்டர் கீழே வரும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் ஒரு கோடியே நாற்பத்தேழு லட்சம் ஜூல். மின்சார வாரியக் கணக்கில் நான்கு யூனிட். தேநீர்க்கடைக் கணக்கில், நாற்பது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம். இதில் மூன்றில் ஒரு பங்கை டயர்களும் எதிர்க்காற்றும் விழுங்கிவிடும். மிச்சத்தை ஏற்றுக்கொள்ள வண்டியில் இரண்டே இடங்கள்தான் உண்டு. ஒன்று பிரேக், மற்றொன்று எஞ்சின். எதன் தலையில் எவ்வளவு போடுவது என்பதை முடிவு செய்வது கியர் ராடைப் பிடித்திருக்கும் கை.

எல்லாவற்றையும் பிரேக்கின் தலையிலேயே போட்டால் என்ன ஆகும்? நான்கு சக்கரங்களின் டிஸ்க், டிரம் எல்லாம் சேர்த்து இருபது கிலோ இரும்பு இருக்கட்டும். வெப்பம் துளியும் வெளியேறாவிட்டால், மேட்டுப்பாளையம் வருவதற்குள் அந்த இரும்பின் சூடு ஆயிரம் டிகிரி ஏறியிருக்கும். நல்லவேளையாகக் காற்று பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடுகிறது. ஆனாலும் ஓயாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் காற்று ஈடுகொடுக்காது. பிரேக் ஷூவையும் பேடையும் இறுக்கிவைத்திருக்கும் பிசின் கருக ஆரம்பிக்கும், அதிலிருந்து கிளம்பும் வாயு நடுவில் புகுந்துகொள்ளும், மிதித்தாலும் பிடிக்காது. கோடை சீசனில் மலையிறங்கும் வெளியூர் கார்களுக்குப் பின்னால் போகிறவர்களுக்கு அந்தக் கருகல் வாடை பழக்கம்.

இதைவிட மோசமானது பிரேக் ஆயில் கொதிப்பது. புதிய டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. மூன்றே முக்கால் சதவீதம் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 140 டிகிரிக்கு வந்துவிடலாம். வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள்ளேயே நிற்கும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். திரவத்தை அழுத்தினால் அது அழுத்தத்தைக் கடத்தும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொடுக்கும். பெடல் தரையைத் தொட்டுவிடும். பழைய காரைப் பார்க்கும்போது பானெட்டைத் திறந்து எஞ்சின் பளபளப்பை ரசிக்கிறவர்கள், பிரேக் ஆயில் டப்பாவையும் ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது. புதிய ஆயில் தேன் நிறம். டிகாஷன் நிறத்தில் இருந்தால் பல வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம்.

இனி எஞ்சின். மலை டிரைவர்கள் புதியவருக்குச் சொல்லும் முதல் பாடம், ஏறின கியரிலேயே இறங்கு என்பது. அதற்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று போகும் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மூடிய கதவுக்கு எதிராகப் பிஸ்டன்கள் காற்றை இழுக்கப் போராடும். அந்தப் போராட்டத்துக்கான ஆற்றலைத் தருவது உருளும் சக்கரம். அதனால் சக்கரம் தளரும். கியர் குறையக் குறைய, சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள் கூடும், பிடிப்பும் கூடும். இதில் பிறக்கும் வெப்பத்தை ரேடியேட்டரும் சைலன்ஸரும் வெளியே தள்ளிவிடுகின்றன. பாரம்பரிய டீசல் எஞ்சினில் அப்படியொரு கதவு கிடையாது. அழுத்திய காற்று திரும்ப விரிந்து, வாங்கியதில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். அதனால்தான் பஸ், லாரிகளில் புகைபோகும் வழியையே அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் இன்றைய எஞ்சின்களில் கதையே வேறு. கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கினால், எஞ்சினை மலையே சுற்றிக்கொடுப்பதை உணர்ந்து கணினி எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் வேண்டும். உயிரைப் பணயம் வைத்து, காசையும் கொஞ்சம் விட்டுவிட்டு இறங்குகிறார்கள்.

பிரேக்கும் கியரும் மனிதர்களுக்குப் புரிந்ததே மேட்டிலும் பள்ளத்திலும்தான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை மோட்டார் வண்டியில் போனார். ஏற்றங்களில் வண்டி இழுக்காமல் தள்ள வேண்டியிருந்தது. இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துபோய், வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். ஊர் திரும்பியபின் கணவர் கார்லிடம், ஏற்றத்துக்கென்று இன்னொரு கியர் வை என்றார். பத்து வருஷம்கூட ஆகவில்லை, இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுகளில் வண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்துக்குப் பழைய பூட்ஸை முட்டுக்கொடுப்பதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட், பிரேக் லைனிங் செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயரில் உலகமெங்கும் போனது அதுதான்.

கிளட்சின் கதையும் வெப்பத்தின் கதைதான். எஞ்சின் நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுக்கு மிகவும் கீழே போனால் அணைந்துவிடும். நிற்கும் வண்டியின் சக்கரமோ சுற்றவே இல்லை. இந்த இரண்டையும் கோர்க்கும்போது எங்காவது வழுக்கியாக வேண்டும். வழுக்கும் இடம் கிளட்ச் பிளேட். சமதரையில் ஓரிரு விநாடியில் வேலை முடிந்துவிடும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டே கிளப்ப வேண்டும், பிளேட் கூடுதலாகச் சுடும். அதனால் மலையில் பழகுகிறவர்களுக்கு ஹேண்ட் பிரேக்தான் முதல் ஆசான். அதைப் போட்டுக்கொண்டு, கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் சத்தம் கம்மி முன்பக்கம் லேசாக எழும்போது ஆக்சிலேட்டரைக் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள். எஞ்சின் தரும் அத்தனை ஆற்றலும் அந்த நேரத்தில் பிளேட்டைச் சுடுவதற்கே போகிறது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று நம் சாலை விதி சொல்வதும் இதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

இனி வாங்கப் போகும் கார். கிலோமீட்டர் மீட்டரை அதிகம் நம்ப வேண்டாம். திருத்திவிடுவார்கள் என்பது ஒரு பக்கம். திருத்தாவிட்டாலும் அது எண்ணுவது சக்கரம் போன தூரத்தை, எஞ்சின் சுற்றிய சுற்றை அல்ல. இரண்டாவது கியரில் ஒரு கிலோமீட்டர் போக, டாப் கியரில் சுற்றுவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எஞ்சின் சுற்றுகிறது. மலையிலேயே ஓடிய வண்டியின் நாற்பதாயிரமும் கோவை அவிநாசி சாலையில் ஓடியதன் நாற்பதாயிரமும் ஒன்றல்ல.

ஏற்றம் ஏமாற்றவும் செய்யும். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துதான் ஓடும். அதைத் தெரியாத சமவெளிக்காரர் நல்ல வண்டியை மந்தம் என்று தள்ளிவிடுவார். ஏற்றத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா? அப்படியானால் கிளட்ச் வழுக்குகிறது.

இறக்கம் இன்னும் நிறையச் சொல்லும். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுங்கள். கரகரவென்று கடித்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. காடிலாக் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. கியர் கோர்ப்பதற்கு முன் ஒரு சின்னக் கூம்பு உரசி, இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமன்செய்யும். கீழ் கியருக்கு மாற்றும்போதுதான் அதற்கு வேலை அதிகம். பிறகு இரண்டிலேயே, காலை எடுத்துவிட்டு, சற்று தூரம் இறங்குங்கள். கியர் ராட் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் பேரம் பேசாதீர்கள், சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். குதிக்கவில்லையா? இறக்கம் முடியும் இடத்தில் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை ஒரு கொத்தாகக் கிளம்பினால், இறங்கும்போது எஞ்சினுக்குள் உண்டான வெற்றிடம் வால்வு சீல் வழியாக ஆயிலை உறிஞ்சியிருக்கிறது. ஏற்றத்தில் எவ்வளவு ஓட்டினாலும் இந்தப் புகை இப்படிக் காட்டிக்கொடுக்காது.

ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன் பாக்கி, பதினைந்து வருஷக் கெடு ஆகியவற்றை எல்லாரும் பார்ப்பார்கள். தரைவிரிப்பைத் தூக்கி ஈரமும் துருவும் பார்ப்பவர்கள் குறைவு.

மின்சார காரில் இறக்கத்தின் கணக்கு கொஞ்சம் வேறு. அதற்குக் கியர் ராட் கிடையாது. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, முதலில் சொன்ன நான்கு யூனிட்டில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும். அதற்குப் பேட்டரியில் இடம் வேண்டும். மலைமேல் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கத் தொடங்கும் காரில் அந்த இடம் இருக்காது. மோட்டாரின் பிடிப்பு குறைந்து, முதல் வளைவுகளில் சுமை மறுபடி பிரேக்குக்கே போகும். அதனால் கோத்தகிரியிலோ குன்னூரிலோ தங்கிவிட்டுக் கீழே இறங்குகிறவர்கள் தொண்ணூறு சதவீதத்தோடு சார்ஜரைக் கழற்றிவிடலாம்.