மயிலாப்பூரின் மூன்று கதவுகள்

சென்னைக்குச் செல்லும் நாஞ்சில் நாட்டார் மயிலாப்பூரில் கபாலீசுவரரைத் தரிசித்து, தெப்பக்குளத்தைச் சுற்றி, சாந்தோம் பக்கம் கடற்காற்றும் வாங்கித் திரும்பிவிடுவது வழக்கம். லஸ் சர்ச் சாலையிலுள்ள மயிலாப்பூர் கிளப்பைப் பார்த்து வரவேண்டுமென்று யாரும் மெனக்கெடுவதில்லை. கிளப் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சீட்டாட்டந்தான் ஞாபகம் வருகிறது. ஆகவே அவர்கள் பேரில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்கும் அதன் டென்னிஸ் மைதானத்துக்கும் நேயர்கள் அறியத்தக்க ஒரு சரித்திரம் உண்டு. அதைக் கதவுகளின் சரித்திரம் என்றே சொல்லலாம்.

முதற் கதவு துரைமார்களுடையது. 1832-இல் அவர்கள் மதராஸ் கிளப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஹைகோர்ட்டில் துரைமார்களுக்கு எதிர்நின்று வாதாடி ஜயித்த நம் வக்கீல், அன்று மாலை அந்தக் கிளப்பில் அங்கத்தினராக நுழைய முடியாது. சுதந்திரம் வந்து பல வருஷங்கள் சென்று, 1963-இல் அது அடையாறு கிளப்போடு இணைந்த காலத்தையொட்டித்தான் அந்தக் கதவு இந்தியருக்குத் திறந்தது! 1873-இல் தோன்றிய காஸ்மாபாலிடன் கிளப்பில் நம்மவருக்கு இடம் இருந்தது. எனினும் மயிலாப்பூர் வக்கீல்கள் தங்கள் வீட்டருகிலேயே தங்களுக்கென்று ஓர் இடத்தை விரும்பினார்கள். 1903-இல் அது ஏற்பட்டது.

முன்னின்று நடத்தியவர் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். திருவிடைமருதூரில் பிறந்து, மதராஸில் பெரும் புகழ் ஈட்டிய வக்கீல். பின்னால் ஹைகோர்ட் நீதிபதியும் ஆனவர். 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பையெல்லாம் பறிகொடுத்தபோது, நம்மவர் பணத்துக்கு நம்மவரே காவல் இருக்க வேண்டுமென்று கிளம்பி, மறு வருஷமே இந்தியன் பாங்கியை உண்டாக்க உழைத்தார். அரசியலில் அவர் மிதவாதி. பாரதியாரோ அனல் கக்கும் தீவிரவாதி. இருந்தும் பாரதியார் பாடக் கேட்டு உருகிப்போன ஐயர், அப்பாடல்களைத் தம் சொந்தச் செலவில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். எதிர்க்கட்சிக்காரர் பாட்டுக்கு இக்காலத்தில் யார் காகிதம் வாங்கிக் கொடுக்கிறார்கள்?

டென்னிஸ் அப்போது புதிய விளையாட்டு. விங்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய மேஜர் 1874-இல்தான் அதற்குக் காப்புரிமை பெற்றார். கிரிக்கெட்டுக்கு இருபத்திரண்டு பேரும் ஒரு முழு நாளும் வேண்டும். டென்னிஸுக்கோ இருவர் போதும், சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். பகலெல்லாம் கட்சிக்காரர்களோடும் கட்டுக் காகிதத்தோடும் மல்லாடிய வக்கீல்களுக்கு இதைவிடப் பொருத்தமான தேகாப்பியாசம் ஏது? பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்றும் வந்துவிடும். கிளப் இருக்கும் நிலம் கபாலீசுவரருக்குச் சொந்தமானது. தாமே ஆடுகிறவராகையால் பிறர் ஆடவும் இடம் கொடுத்தார் போலும்!

இனி இரண்டாவது கதவு. துரைமார்கள் உள்ளே விடவில்லையென்று பிறந்த நம்மவர் கிளப்பின் வாசலும் அகலமானதன்று. அங்கத்தினர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்குமே அது திறந்தது. மாட வீதியில் பூத் தொடுப்பவர் பிள்ளையும் நொச்சிக்குப்பத்து மீனவர் பிள்ளையும் வெளியேதான் நின்றார்கள். டென்னிஸில் அவர்கள் கைக்கு எட்டியது பந்து ஒன்றுதான். அந்தப் பந்தை வைத்துக்கொண்டு கடற்கரை மணலிலும் சந்துகளிலும் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதற்குச் சந்தா கிடையாது.

மூன்றாவது கதவு வேஷ்டிக்கு அடைத்த கதவு. 2014 ஜூலையில், கடற்கரையை அடுத்த சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு ஹைகோர்ட் நீதிபதி ஹரிபரந்தாமன் வேஷ்டி அணிந்து வந்தார். உடை விதியைக் காட்டி அவரை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். துரைமார்கள் கப்பலேறி அறுபத்தேழு வருஷம் ஆன பிறகும் அவர்களுடைய கால்சட்டை மட்டும் வாசலில் காவல் நின்றது! ஆகஸ்டில் சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. வேஷ்டிக்காக ஒருவரைத் தடுக்கும் கிளப்பின் லைசென்ஸ் ரத்தாகலாம்; பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் ரூ. 25,000 வரை அபராதமும் உண்டு. கிளப்புகள் தாமாகவே செய்திருக்க வேண்டிய காரியத்துக்குச் சிறைத் தண்டனை எழுத வேண்டி வந்ததே என்பதுதான் நமக்குள்ள வருத்தம்.

இத்தனை கதவுகள் இருக்க, டென்னிஸில் நமக்குப் பெரும்புகழ் வந்த வழி வேறு. அது நம் ஊரிலிருந்து புறப்பட்டது என்பதைச் சற்றுப் பெருமையுடனேயே சொல்கிறோம். நாகர்கோவில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த 1937-இல் அங்கே பிறந்தவர் ராமநாதன் கிருஷ்ணன். மட்டையைப் பிடித்துப் பழகியது தென்காசியில், தந்தை டி. கே. ராமநாதன் அமைத்த களிமண் தளத்தில். ராமநாதனே கைதேர்ந்த ஆட்டக்காரர். பிள்ளைக்குக் குருவும் அவரே. மதராஸ் வாசம் அதற்குப் பிறகுதான். 1954-இல், பதினேழு வயதில், கிருஷ்ணன் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல்வர் அவரே. 1960-இலும் 1961-இலும் பெரியவர்களுக்கான போட்டியில் அரையிறுதி வரை சென்றார். அங்கே அவரை வென்ற ஃப்ரேஸரும் லேவரும் அந்தந்த வருஷம் பட்டம் பெற்றார்கள். 1966-இல் இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டியபோது முன்னணியில் நின்றவரும் அவரே.

1979-இல் அவர் மகன் ரமேஷ், தகப்பனார் வென்ற அதே சிறுவர் பட்டத்தை விம்பிள்டனில் வென்றார். அவருக்கும் முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் தகப்பனார்தான்.